சம்மாட்டி வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகை

இப்பொழுதெல்லாம் ஒரு வீட்டுக்குப் போகிறவன் வீட்டைப் பார்க்கிறானே ஒழிய, வீட்டில் இருக்கிறவனைப் பார்ப்பதில்லை. செருப்பைக் கழற்றும்போதே போனைக் கையில் எடுத்துவிடுகிறான். சுவரை ஒரு போட்டோ, கூரையை ஒரு போட்டோ, நம்மை நிற்க வைத்து ஒரு போட்டோ. உட்காருங்கள் என்றால் பரவாயில்லை என்கிறான். தண்ணீர் கொடுத்தால் பையில் பாட்டில் இருக்கிறது என்கிறான். நாங்கள் எல்லாம் சண்டை பேசப் போன வீட்டிலும் ஒரு வாய் காப்பித்தண்ணி குடித்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்போம்.

அனுஜா விஷயமாக விசாரிக்க வந்தவனும் அந்த ரகம்தான். அவன் தண்ணீர் குடித்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசியிருந்தால், நாங்கள் எந்தப் பேச்சை எந்த அர்த்தத்தில் பேசுகிறோம் என்று பிடிபட்டிருக்கும். அவ்வளவுதான்.

அனுஜா என் மகன் ஜாய்சனின் மூத்த பெண். ஜாய்சனுக்குத் தோணியில் வேலை. பழைய துறைமுகத்தில் வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவார்கள். போனால் சரக்கு இறங்கி, திரும்பச் சரக்கு ஏறி, எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. மருமகள் இசபெல்லா இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போகிறாள். பெரியதாழைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் பகல் முழுக்க இருக்கிற ஆண்பிள்ளை என்றால் நான் ஒருவன்தான்.

பிள்ளை நன்றாகப் படித்தாள். கப்பல் கட்டுகிற படிப்புக்குச் சென்னைப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கப்பலைக் காகிதத்தில் வரைந்து, அது அலையில் நிற்குமா கவிழுமா என்று தண்ணீரில் விடுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லுகிற படிப்பாம்.

"தண்ணில விட்டாத்தாம்ளா தெரியும்," என்றேன்.

"விட்டப் பொறவு தெரிஞ்சு என்ன செய்ய? ஒங்க வள்ளம் மாதிரி பலகையாத்தான் பொறுக்கணும்," என்றாள்.

சொன்னது சரிதான். எனக்கு மீன் பிடிக்கிற வள்ளம் ஒன்று இருந்தது. ஒரு புயலில், அலையைத் தடுக்கக் கரையிலிருந்து போட்டிருக்கிற தூண்டில் வளைவுக் கல்லில் மோதி உடைந்தது. பலகையை விறகுக்குக் கொடுத்துப் பல வருஷம் ஆகிறது. ஆனால் வள்ளத்துக்குச் சொந்தக்காரனை எங்கள் தெருவில் சம்மாட்டி என்பார்கள். வள்ளம் போனாலும் அந்தப் பெயர் போவதில்லை. இன்றைக்கும் என்னைச் சிலுவை என்று கூப்பிடுகிறவர்கள் ரேஷன் கடையில்தான் இருக்கிறார்கள்.

கல்லூரிக்கும் விடுதிக்கும் கட்ட வழியில்லை. பாங்கில் கடன் கேட்டால் அப்பா நேரில் வர வேண்டும் என்றார்கள். அப்பா நடுக்கடலில். இசபெல்லாவின் நகை முன்னமே அடகுக் கடையில். ஆகவே அனுஜா போனை வைத்துக்கொண்டு உதவித்தொகை தேட ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்து அவள் அந்த மாதம் முழுக்க வேறு எதையும் பார்க்கவில்லை. ஒன்றுக்குத் தேதி முடிந்திருந்தது. ஒன்று வேறு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு. இன்னொன்று, முதலில் கொஞ்சம் பணம் கட்டு, பிறகு நிறையத் தருகிறேன் என்றது. அது களவாணிக் கும்பல் என்று அவளே கண்டுபிடித்துத் தள்ளினாள். கடைசியில் ஒரு டிரஸ்ட்டைப் பிடித்தாள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு முடியும்வரை எல்லாவற்றையும் அவர்களே கட்டுவார்களாம்.

"சும்மாவா தாராவ?" என்று கேட்டேன்.

"சும்மாதான்."

"சும்மா கெடக்குற இரைக்குள்ள தூண்டில் இருக்கும்ளா."

"இருந்தா இருந்துட்டுப் போவுது. நான் கவ்வுதேன்," என்றாள்.

அப்பா ஊரில் இல்லை, அம்மா பகலில் வீட்டில் இல்லை என்பதால் பொறுப்பாளர் என்று என் பெயரைப் போட்டாள். அதற்காக என்னைப் பால்துரை அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜெராக்ஸ், ரீசார்ஜ், பஸ் டிக்கெட் எல்லாம் அங்கேதான். பால்துரை கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"சம்மாட்டி, ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொன்னாத்தான் உள்ள போவும்."

"யார்ட்டயும் சொல்லாதன்னு அந்தப் போனே சொல்லுது. நீரு சொல்லுன்னு சொல்லுதீரு. ரெண்டு பேர்ல யாரு களவாணி?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பால்துரை சிரிக்கவில்லை. "உம்ம கணக்குல இருந்து நான் எடுக்கணும்னா, மொதல்ல நான் கொஞ்சம் போட்டுல்லா எடுக்கணும்," என்றார்.

அதற்குள் அந்த நம்பர் செத்துப்போய்விட்டது. மறுபடி வரவழைத்தார்கள். அதுவும் செத்தது. அனுஜா பேசாமல் என் சட்டைப்பையில் கையை விட்டுப் போனை எடுத்து, பார்த்துச் சொன்னாள். அடுத்ததாக, சொத்து உண்டா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"முத்துக்குளிச்ச வம்சம். வீட்டுல ஒண்ணுகூடவா ஒதுக்கி வைக்கல?" என்றார் பால்துரை.

"எங்க தாத்தா முங்கி எடுத்தத ஒங்க யாவாரி ஆளுவதானே தராசுல வச்சு வாங்குனாவ. ஒம்ம பரண்ல தேடிப் பாரும்."

அதற்கு மட்டும் சிரித்தார்.

சில நாள் கழித்து, அனுஜா பெயர் முதல் சுற்றில் தேறிவிட்டது என்றும், வீட்டைப் பார்க்க ஆள் வரும் என்றும் செய்தி வந்தது. அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"தாத்தா, நான் இருக்கும்போது வந்தா நான் பேசிக்கிடுவேன். நான் இல்லாதப்ப வந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க. வீம்பு பேசக்கூடாது."

"நான் என்னைக்குளா வீம்பு பேசுனேன்?"

அவள் அவளுடைய அம்மாவைப் பார்த்தாள். இசபெல்லா சட்டியைப் பார்த்தாள்.

அந்த ஆள் அவள் இல்லாதபோதுதான் வந்தான். ஏதோ சான்றிதழுக்காக அவள் தாலுகா ஆபீஸுக்குப் போயிருந்தாள். சிவப்பிரகாஷ் என்று பெயர் சொன்னான், மதுரைப் பக்கத்துப் பையன். தெருமுனையில் சிலுவை வீடு எது என்று கேட்டிருக்கிறான். எந்தச் சிலுவை என்று கேட்டிருக்கிறார்கள். அனுஜா என்றதும், "சம்மாட்டி வீடா, நேரா போங்க," என்று அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் வந்து நின்று அவன் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ஐயா, நீங்கதான் சம்மாட்டியா?"

"ஆமா தம்பி. வாங்க, உள்ள வாங்க."

"சம்மாட்டின்னா என்னங்கய்யா? படகு உரிமையாளரா?"

"அதான் அர்த்தம்," என்றேன்.

அவன் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டான், நான் அர்த்தம் சொன்னேன். படகு இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. இதை நான் இன்றைக்கும் யாரிடமும் சொல்லுவேன்.

எங்கள் வீட்டில் இருந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். வந்தவனை அதில் உட்காரச் சொல்ல மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிலோமியைச் சத்தம் கொடுத்து அவள் வீட்டுக் குஷன் நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னேன். அன்றைக்கு அவள் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வீடே சீலா மீன் பொரித்த வாசனை. நாற்காலியோடு தட்டில் கனமாக மீன் துண்டும் வைத்துக்கொண்டு வந்தாள். வெளியூர் ஆள் வந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஒரு மரியாதை.

அவன் உட்காரவில்லை. "வீடுகள்ல நாங்க எதுவும் சாப்பிடக்கூடாதுங்கய்யா," என்றான். தட்டை நான் கையில் வாங்கிக்கொண்டேன். நின்று நின்று எனக்குக் கால் வலித்தது, ஆகவே நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு போட்டோ எடுத்தான்.

"தூத்துக்குடின்னா முத்துதானே. வீட்ல முத்து ஏதாவது இருக்குங்களா?"

"எல்லாம் கடலுக்கு அடில பத்திரமா இருக்கு."

அவன் சிரிக்காமல் போனில் எதையோ தட்டினான். பிறகு கேட்டான்: "வருமானம் எல்லாம் எப்படிங்கய்யா?"

இதை விளங்கச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் கடலுக்குப் போய் வந்தவனைப் பார்த்து, என்ன பாடு என்று கேட்பார்கள். பாடு என்றால் பட்ட மீன். வலை காலியாக வந்திருந்தாலும் ஒன்றுமில்லை என்று எவனும் சொல்லமாட்டான். ஒன்றுமில்லை என்று வாயால் சொன்னால் மறுநாளும் அப்படியே ஆகிவிடும் என்று ஒரு பயம். கறிக்குக் கெடக்கு என்பான். குழம்பில் போட நாலு சாளை மீன் கிடக்கிறது என்று அர்த்தம். நாலு சாளையும் இல்லை என்பது கேட்கிறவனுக்கும் தெரியும். அதற்குமேல் கேட்கமாட்டான். சமயத்தில் அவன் வீட்டிலிருந்து இரண்டு மீன் வந்து சேரும்.

"கறிக்குக் கெடக்கு தம்பி," என்றேன்.

"கறியா? தினமுமா?"

"கறி இல்லாம எங்க அடுப்பு எரிஞ்சதே இல்ல."

நான் சொன்னது மீன். மதுரைக்காரனுக்குக் கறி என்றால் ஆட்டுக்கறி. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மட்டும், தம்பி, எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை என்று வாசலில் வைத்து முன்பின் தெரியாதவனிடம் சொல்லியிருப்பேனா என்றால் சந்தேகம்தான்.

சாயந்திரம் அனுஜா வந்ததும், "அந்தப் பையன் வந்தாம்ளா. நல்ல விதமா பேசி அனுப்பிட்டேன்," என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

"கேட்டதுக்குச் சொன்னேன்."

சான்றிதழ் கிடைத்ததா என்று நான் கேட்டேன். கிடைத்தது என்றாள்.

இரண்டு வாரம் கழித்து, தேர்வாகவில்லை என்று செய்தி வந்தது. காரணம் போடவில்லை. அனுஜா விடாமல் போன் போட்டாள். கடைசியில் ஒரு அம்மாள் எடுத்தாள். நாங்களும் கேட்கட்டும் என்று அனுஜா சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அந்த அம்மாள் தன்மையாகத்தான் பேசினாள்.

"உங்க வீட்டைப் பார்த்துட்டு வந்தவர் எழுதியிருக்கார்ம்மா. சொந்தப் படகு இருக்கு, தினமும் கறி சமைக்கிற வீடு, வசதியான குடும்பம்னு. போட்டோவும் இருக்கு. உங்களைவிடக் கஷ்டப்படுற பிள்ளைங்க நிறையப் பேர் இருக்காங்க இல்லையா?"

அனுஜா, அப்படி இல்லை மேடம், அது எங்கள் ஊர்ப் பேச்சு என்று விளக்கினாள். சம்மாட்டிக்கு விளக்கினாள், கறிக்கு விளக்கினாள், சீலா மீன் பக்கத்து வீட்டு மீன் என்றாள். விளக்க விளக்க அது எனக்கே பொய் மாதிரி கேட்டது. அந்த அம்மாள், பொறுப்பாளர் நேரில் வந்து சொல்லட்டும், வியாழக்கிழமை தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் இருக்கிறது என்றாள். கல்லூரிக்குப் பணம் கட்டக் கடைசி நாள் அதற்கு மறுநாள்.

போனை வைத்ததும் இசபெல்லா வாய் திறந்தாள்.

"மாமா, நீங்க ஆட்டுக்கறி தின்ன கதைய எனக்குச் சொல்லவே இல்லையே. எந்தக் கடையில வாங்குனீங்க?"

"அவனுக்குத் தமிழ் தெரியல. அதுக்கு நான் என்ன செய்ய?"

"அவனுக்குத் தமிழ் தெரியும். ஒங்களுக்குத்தான் இல்லங்கிற தமிழ் தெரியாது."

அனுஜா திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். என் வெள்ளைச் சட்டையை எடுத்து உதறிப் பார்த்தாள். பிறகு அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு, காலர் கிழிந்த சட்டை ஒன்றை எடுத்து வெளியே வைத்தாள். வியாழக்கிழமை அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூட ஹாலில் நல்ல கூட்டம். உப்பளத்துப் பக்கத்து ஜனங்கள், மேற்கே கிராமத்து ஜனங்கள், எங்கள் கடற்கரை ஜனங்கள், எல்லாரும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குக் கீழே மேசை போட்டு அந்த அம்மாள் இருந்தாள். எங்களைக் கூப்பிட்டதும் போனோம். அவளுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. பிள்ளையைத்தான் உட்காரச் சொன்னாள். நான் பின்னால் நின்றேன்.

"ஐயா, உங்களுக்குப் படகு இருக்கா இல்லையா?"

"வள்ளம் ஒடஞ்சு போச்சும்மா," என்றேன். அந்த அளவுக்குச் சொல்லிவிட்டேன்.

"எப்ப?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதல் வரிசையிலிருந்து ஒருவன் சடாரென்று எழுந்தான். மிக்கேல். என் வள்ளத்தில் ரொம்ப நாள் வலை இழுத்தவன். அவனும் மகனோடு வந்திருந்தான். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் போட்டான்.

"சம்மாட்டி நிக்கக்கூடாது. உக்காருங்க," என்றான்.

அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க சம்மாட்டில்லா."

"இவருக்குப் படகு இருக்கா?"

மிக்கேல் என்னைப் பார்த்தான். என் வள்ளம் உடைந்தபோது கரையில் நின்று அழுதவன் அவன். அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில், வெளியூர்க்காரி ஒருத்தி கேட்கும்போது, சம்மாட்டியை விட்டுக்கொடுக்கலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் ஒரு தலையசைப்புக் கொடுத்திருந்தால் சொல்லியிருப்பான். நான் கொடுக்கவில்லை. எதை நினைத்துக்கொண்டு நின்றேன் என்று எனக்கே விளங்கவில்லை.

"சம்மாட்டிக்கு என்ன கொறச்சல்ங்க. ராசா மாதிரி இருக்காவ," என்றான் மிக்கேல்.

அனுஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "அவன் மரியாதைக்குச் சொல்லுதாம்மா. என்கிட்ட ஒண்ணுமில்ல. வள்ளமில்ல, வலையில்ல, வருமானமில்ல. மருமவ இறால் உரிச்சுக் கொண்டாரதுலதான் சாப்பிடுதோம். ஒண்ணுமே இல்ல," என்றேன். சத்தம் கூடிவிட்டது போலிருக்கிறது. ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. உப்பளத்துக்காரி ஒருத்தி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மிக்கேல் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த அம்மாளுக்கு இரக்கம் இருந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் என்ன செய்வாள். "ஐயா, வீட்டுக்கு வந்தவர்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கீங்க. இவர் ஒண்ணு சொல்றார். இப்ப நீங்க வேற சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா நான் மட்டும் முடிவெடுக்க முடியாது. மறுபடி ஆள் அனுப்பிப் பார்க்கணும். அதுக்கப்புறம் கமிட்டி கூடணும், அது மாசக் கடைசி ஆகும்," என்றாள்.

"நாளைக்குத்தான் மேடம் கடைசி நாள்," என்றாள் அனுஜா.

"தெரியும்மா. காலேஜ்ல டைம் கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேன். அடுத்த ஆளுக்குக் குடுத்திருவாங்களாம்."

அந்த அம்மாள் பேனாவை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, இந்த வருஷம் இங்கேயே ஒரு கல்லூரியில் கணக்குப் பாடத்தில் சேர்ந்துகொள், மூன்று வருஷப் படிப்புதானே, கமிட்டி சரி என்றால் அதற்கும் நாங்கள் கொடுப்போம், உன் பெயரை இப்போதே எழுதி வைக்கிறேன் என்றாள். கப்பலைப் பற்றி அவள் பேசவில்லை. அனுஜாவும் பேசவில்லை. சரி மேடம் என்று மட்டும் சொன்னாள். அந்தச் சரியை அவள் சொன்ன விதத்தில், ஏதோ ஒன்றைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கவிழுமா நிற்குமா என்று முன்கூட்டியே சொல்லுகிற வித்தையை அவள் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்கிறது. அது போன பிறகுதான் இருந்தது என்றே தெரிந்தது.

"நீங்க போங்க தாத்தா. நான் இதெல்லாம் எழுதிக் குடுத்துட்டு வாரேன்," என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டாள். "அடுத்த தடவை ஆள் வந்தா, இன்னைக்கு இங்க சொன்ன மாதிரியே சொல்லிருங்கய்யா. அதுல ஒண்ணும் அசிங்கம் இல்ல."

"நான் அன்னைக்கும் பொய் சொல்லலம்மா," என்றேன்.

அவள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

வெளி வாசல்வரை மிக்கேல் கூடவே வந்தான். அவன் முகம் சரியில்லை.

"சம்மாட்டி, நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லலே. ஒம் மவன் பேரக் கூப்பிடுவாவ, உள்ள போ," என்றேன்.

"அவன் விஷயமா என்கிட்ட கேக்கும்போது நான் என்ன சொல்லட்டும்?"

"அழுதுட்டே சொல்லு. நம்புவாவ."

அவன் விளங்காமல் நின்றான். நான் ரோட்டுக்கு வந்துவிட்டேன். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கொடுக்க மனசிருந்தால் கொடுக்க வேண்டியது, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட வேண்டியது. பிள்ளையின் மார்க்கு முன்னால் கிடக்கிறது. கிழவன் வாயைப் பிடுங்கி அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறார்கள்? அவள் படிப்பு என்னால் போயிற்று என்று இசபெல்லா சொல்லுவாள். இன்றைக்கு ராத்திரிக்கே சொல்லுவாள். போயிற்றுதான், நான் இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனாலும் ஒரு மனிதன் ஒன்றுமில்லாதவன் என்று ஊர் முன்னால் நின்று கத்தினால்தான் அவன் வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யார் சொன்னாலும் படாது.

பஸ் ஒன்று வந்து நின்று, ஏறுகிறீர்களா என்று கண்டக்டர் கேட்டான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன்.